கன்னத்தில் போடும் ஹைலேஸ் ஊசி எதைக் கரைக்கிறது?

கேள்வி (ஜூன் 28)

என் மாமாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கல்லூரிக் காலத்திலிருந்தே பாக்கு போடுகிறவர். இப்போது வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை, ரசம் சாதம்கூட எரிகிறது என்கிறார். பல் டாக்டர் கன்னத்துக்குள் ஊசி போட ஆரம்பித்திருக்கிறார். சீட்டில் ஹயலுரோனிடேஸ் என்று இருந்தது. தேடிப் பார்த்தால் திசுவைச் சிதைக்கும் என்சைம், பாம்பு விஷத்திலும் தேனீக் கொடுக்கிலும் இருப்பது என்று வருகிறது. கன்னம் ஓட்டை விழுந்துவிடாதா? இதை நிறுத்தச் சொல்லலாமா?

ஜூன் 28, இரவு

ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள் தம்பி. பாக்கை நிறுத்தச் சொல்லுங்கள், இன்றைக்கே.

நான் ஸ்டாஃப் நர்ஸ். முதலில் கண் தியேட்டரில் இருந்தேன், இப்போது புற்றுநோய் மருந்து ஏற்றும் கீமோ டே கேர் வார்டு. இந்த ஹயலுரோனிடேஸை, தியேட்டரில் சுருக்கமாக ஹைலேஸ் என்போம், இரண்டு இடத்திலும் கையில் எடுத்திருக்கிறேன். அதற்கு மேல் என் அண்ணனுக்கே உங்கள் மாமாவுக்கு வந்த இந்த வாய் இறுகும் நோய்தான் (ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்பார்கள்) வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

கன்னம் ஓட்டை விழாது. தோலுக்கு அடியிலும் சதைக்கு இடையிலும் செல்களைச் சுற்றி ஒரு வழவழப்பான பொருள் நிரம்பியிருக்கிறது, ஹயலுரோனிக் அமிலம் என்று பெயர். வெண்டைக்காய் நறுக்கும்போது விரலில் ஒட்டுமே, அந்தக் கோழை மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் மொத்தமே 15 கிராம் அளவுதான், அதிலும் மூன்றில் ஒரு பங்கை உடம்பு தினமும் தானே உடைத்துத் தானே புதிதாகச் செய்துகொள்கிறது. உடைக்கும் வேலையைச் செய்வதும் இதே குடும்பத்து என்சைம்கள்தான். ஊசியில் போவது அதன் கூடுதல் அளவு, அவ்வளவே. போட்ட இடத்தில் கோழை இளகும், கூடச் சேர்த்த மருந்து பரவும், ஒன்றிரண்டு நாளில் அந்த இடம் பழையபடி நிரம்பிவிடும்.

ஜூன் 29

பாம்பு விஷம் என்று கேட்டிருந்ததற்கு நேற்று பதில் சொல்லவில்லை. உண்மைதான், பல பாம்புகளின் விஷத்தில் இது இருக்கிறது, தேனீ விஷத்திலும் இருக்கிறது. ஆனால் ஆளைக் கொல்லும் சரக்கு வேறு. இது வழி திறந்துவிடும் ஆள். விஷம் கடித்த இடத்திலேயே தேங்காமல் பரவ இது உதவுகிறது. சில பாக்டீரியாக்களும் இதை வைத்துக்கொண்டுதான் திசுவுக்குள் பரவுகின்றன. விந்தணுவின் தலையில்கூட இருக்கிறது, முட்டையைச் சுற்றியுள்ள உறையைத் தாண்டிப் போக வேண்டுமே.

கண்டுபிடித்த கதையும் அப்படித்தான். 1920களின் கடைசியில் துரான் ரெய்னால்ஸ் என்ற விஞ்ஞானி விலங்கின் விதைச்சாற்றை வைரஸோடு கலந்து முயல் தோலில் போட்டார். தொற்று வழக்கத்தைவிட மிக அகலமாகப் பரவியது. என்னவென்று தெரியாததால் பரவச் செய்யும் காரணி என்றே கொஞ்ச காலம் அழைத்தார்கள். அதற்குள் 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழிலிருந்து ஹயலுரோனிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பரவச் செய்யும் பொருள் இந்த அமிலத்தை உடைக்கும் என்சைம்தான் என்று பிறகு காட்டியவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் செயின், பென்சிலினுக்காக நோபல் வாங்கினாரே, அவரேதான்.

மருந்தாக வரும் ஹைலேஸ் ரொம்ப காலமாக ஆடு மாடுகளின் விதையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. மனித என்சைமையே செல் வளர்ப்பில் செய்யும் வகை அமெரிக்காவில் 2005-இல் அனுமதி பெற்றது. நம் பக்கம் பெரும்பாலும் இன்னும் விலங்குச் சரக்குதான்.

ஜூன் 29, மதியம்

கண் ஆபரேஷனில் இதற்கு என்ன வேலை என்று ஒரு அக்கா கேட்கிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கண்ணைச் சுற்றி ஊசி போட்டுக் கண்புரை எடுத்திருந்தால் அநேகமாக அதில் ஹைலேஸ் போயிருக்கும். குட்டிக் குப்பியில் வெள்ளையாக, அடியில் ஒரு வட்டு மாதிரி காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தின் 30 மில்லி புட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி இந்தக் குப்பியில் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டுவேன். குலுக்கக் கூடாது, புரதம், நுரைத்துவிடும். தெளிந்ததும் திரும்பப் பெரிய புட்டியிலேயே விட்டுவிடுவோம். 1500 யூனிட் 30 மில்லிக்கு என்பது பரவலான கணக்கு. காலையில் கலந்த புட்டியில் நேரம் எழுதி ஒட்டுவது என் வேலை.

ஹைலேஸ் சேர்த்தால் மருந்து கண்ணைச் சுற்றி வேகமாகப் பரவி விழி அசைவு சீக்கிரம் நிற்கும், கண்ணுக்குப் பின்னால் அழுத்தமும் குறையும். டாக்டர் கையை வைத்து அழுத்திக்கொண்டு காத்திருக்கும் நேரம் குறையும். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவில் இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொல்லும் நோயாளிகள் கூடியதாக மருத்துவர்கள் எழுதினார்கள். மரப்பு மருந்து பரவாமல் ஒரே இடத்தில் தேங்கி விழியை அசைக்கும் தசையைக் கெடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இதைப் படித்த பிறகுதான் அந்தக் குட்டிக் குப்பியின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

இப்போது நிறைய இடங்களில் சொட்டு மருந்திலேயே கண்புரை முடித்துவிடுகிறார்கள், ஊசியே இல்லை.

ஜூலை 1

அண்ணன் கதை. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவனிடம் கேட்டேன், பேர் போடாமல் எழுது என்றான்.

லாரி ஓட்டுகிறவன். தூக்கம் வராமல் இருக்கப் பாக்குப் பொட்டலம். முதலில் காரம் பட்டால் எரிந்தது, வாய்ப்புண் என்று பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு பரோட்டாவை மடித்து வாயில் வைக்க முடியவில்லை. ஒருநாள் பிள்ளைக்கு விசில் அடித்துக் காட்டப் போய் வரவில்லை, கன்னத்தை உப்பவும் முடியவில்லை. அப்போதுதான் என்னிடம் வந்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன், கன்னத்தின் உள்பக்கம் சிவப்பே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. கையுறை போட்டு விரலை வைத்து வருடினால் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகத் தட்டுப்பட்டது. நடுவில் உள்ள மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாயில் வைக்கச் சொன்னேன். சாதாரணமாக எல்லோருக்கும் போகும், அவனுக்கு இரண்டே சிரமம்.

பல் மருத்துவமனையில் ஸ்கேல் வைத்து அளந்தார்கள், மேல் பல் நுனிக்கும் கீழ்ப் பல் நுனிக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று. 35-க்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும், 15-க்குக் கீழே போனால் ஊசியை நம்பிப் பயனில்லை, ஆபரேஷன்தான். அவனுக்கு நடுவில். ஹைலேஸோடு டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் கலந்து வாராவாரம் இரண்டு கன்னத்திலும் போட்டார்கள். வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன், இறுகின இடத்தில் மருந்தை ஏற்றுவது அப்படித்தான். ஆனால் எரிச்சல் சீக்கிரமே குறைந்தது, சாம்பார் சாப்பிட்டான், வாயும் கொஞ்சம் திறந்தது.

அதோடு சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டான். வாய்ப் பயிற்சி சொல்லிக் கொடுத்ததைச் செய்யவில்லை. சில மாதத்தில் திரும்ப இறுகிவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

ஜூலை 1, இரவு

வாய்ப் பயிற்சிக்கு ஐஸ் குச்சி வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள்.

ஐஸ்கிரீம் குச்சிதான், தட்டையானது. கடையில் கட்டாக விற்கும். எத்தனை குச்சி சேர்த்து வைத்தால் பல்லுக்கு நடுவில் இறுக்கமாக நிற்கிறதோ அத்தனையை அடுக்கிக் கடைவாய்ப் பக்கம் வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். பழகியதும் நடுவில் இன்னொரு குச்சியைச் செருக வேண்டும். தினமும் பல தடவை. ஊசி போட்ட நாளில் மட்டுமல்ல, ஊசி முடிந்த பிறகும் மாதக்கணக்கில். அண்ணன் இப்போது லாரியில் ஸ்டியரிங் பக்கத்திலேயே ஒரு கட்டுக் குச்சியை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறான், வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் செய்கிறான். பல் ஆடுகிறவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஜூலை 3

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் சொன்னது சரிதான், ஆனால் முக்கியமான பாதி வராமல் போய்விட்டது. அதைச் சொல்லாவிட்டால் என் அண்ணன் நினைத்த மாதிரியே எல்லோரும் ஊசியே போதும் என்று நினைப்பார்கள்.

ஹைலேஸ் கோழையைத்தான் உடைக்கும். வாயை இறுக்கி வைத்திருப்பது கோழை அல்ல, கொலாஜன் நார். அதை இது தொடவே தொடாது. நாரைச் சுற்றியிருப்பது இளகுவதால் ஸ்டீராய்டு உள்ளே போய் அழற்சியை அடக்குகிறது, எரிச்சல் குறைகிறது, இழுத்தால் இழுபடும் நிலை வருகிறது. அந்த நேரத்தில் இழுக்க வேண்டியது நாம். குச்சி அதற்குத்தான்.

கொலாஜன் ஏன் அவ்வளவு பிடிவாதம் என்பதற்குப் பதில் சென்னையிலிருந்தே வந்தது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாணை எக்ஸ்ரே வைத்துப் படம் எடுத்து, மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய அமைப்புதான் கொலாஜன் என்று 1954-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள், அடுத்த வருடமே அதை இன்னும் திருத்தமாக்கினார்கள். அந்த முறுக்குக்குள் சாதாரண என்சைம்கள் வாய் வைக்க முடியாது.

இப்போது பாக்கு என்ன செய்கிறது பாருங்கள். அதிலுள்ள அரிக்கோலின் நார் செய்யும் செல்களைத் தூண்டி அதிகமாகச் செய்ய வைக்கிறது. பாக்கில் தாமிரம் அதிகம், அது நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் என்சைமுக்கு வேலையைக் கூட்டுகிறது. துவர்ப்புக்குக் காரணமான டானின் அந்த நாரை உடம்பால் உடைக்க முடியாதபடி பதப்படுத்திவிடுகிறது. ஆக நார் கூடுகிறது, பிணைகிறது, கரையவும் மறுக்கிறது. இந்தப் பக்கம் வாரம் ஒரு ஊசி, அந்தப் பக்கம் தினமும் பொட்டலம் என்றால் எது ஜெயிக்கும்?

புகையிலை இல்லாத வெறும் பாக்குதானே என்று வருகிறவர்கள் உண்டு. இந்த நோய்க்குப் பாக்கே போதும். தமிழ்நாட்டில் 2013-இல் குட்காவைத் தடை செய்தார்கள், ஆனால் சீவலும் வாசனைப் பாக்கும் பந்தியில் தாம்பூலத்தோடு வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பாக்கைத் தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்தது.

ஜூலை 4

கொலாஜனையே உடைக்கும் மருந்து கிடையாதா என்றால், உண்டு. கொலாஜினேஸ். கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவிடமிருந்து எடுப்பது. உள்ளங்கையில் நார் கட்டி விரல் மடங்கியபடியே நின்றுவிடும் டூபுய்ட்ரன் என்ற நோய்க்கு அதை நேராக நாருக்குள் போட்டு, பிறகு டாக்டர் விரலை நிமிர்த்தி நாரை அறுந்துபோகச் செய்வார். அமெரிக்காவில் 2010-இல் அனுமதி. களிம்பாகவும் இருக்கிறது, தீப்புண்ணிலும் ஆறாத புண்ணிலும் செத்த சதையை எடுக்க. ஆனால் ஊசி தவறித் தசைநாணுக்குள் போனால் அதுவும் கொலாஜன்தான், அறுந்துவிடும். கன்னத்துக்கு அதைக் கேட்டு டாக்டரை நச்சரிக்காதீர்கள், நம் ஊரில் இந்த நோய்க்கு வழக்கமாகப் போடுவது ஹைலேஸ்தான்.

ஜூலை 4, சாயங்காலம்

பப்பாளிக்காய்ப் பாலைக் கன்னத்தில் தடவலாமா, ஆட்டுக்கறி சீக்கிரம் வேக அதைத்தானே போடுகிறோம் என்று ஒருவர். வேண்டவே வேண்டாம். பப்பாளிப் பாலில் இருப்பது பப்பைன், புரதத்தைக் கண்டபடி அறுக்கும். எது நார், எது நல்ல சதை என்று அதற்குத் தெரியாது, வாய் வெந்துவிடும். பப்பைனுக்கு மருத்துவத்தில் இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் பப்பைன் எடுப்பதற்கென்றே பேர்போனது. பப்பாளியின் இன்னொரு என்சைமான கைமோபப்பைனை முதுகெலும்பு வட்டு பிதுங்கியவர்களுக்கு வட்டுக்குள் ஊசியாகப் போட்ட காலமும் உண்டு, 1982-இல் அமெரிக்கா அனுமதித்தது, பக்கவிளைவுகளால் பிறகு வழக்கொழிந்தது. அந்த வேலைக்கே வேறொரு என்சைமை ஜப்பான் 2018-இல் கொண்டுவந்தது. அதெல்லாம் அளந்து, சுத்தம் செய்து, எக்ஸ்ரே பார்த்துப் போடுவது. சமையலறையில் செய்வதல்ல.

ஜூலை 6

இன்று டியூட்டியில் நடந்ததால் இது.

ஒரு அம்மாவுக்குக் கையில் ட்ரிப் போய்க்கொண்டிருந்தபோது ஊசி நரம்பை விட்டு விலகி மருந்து தோலுக்கடியில் இறங்கிவிட்டது. எரியுது கண்ணு என்று அவரே சொன்னார், பார்த்தால் புறங்கை உப்பியிருந்தது. இந்த மாதிரி நேரத்துக்கும் ஹைலேஸ் வேண்டும். வின்கிறிஸ்டின் வகைப் புற்றுநோய் மருந்துகள், அடர்த்தியான குளுக்கோஸ், கால்சியம் போன்றவை வெளியே இறங்கினால் அங்கேயே தேங்கிச் சதையை அழுகச் செய்யும். ஹைலேஸை உப்பலைச் சுற்றி ஐந்து இடத்தில் துளித்துளியாகத் தோலுக்கடியில் போட்டால் தேங்கியது அகலமாகப் பரவி நீர்த்து உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டால்தான் நல்ல பலன். இன்றைக்குப் போட்டோம், சாயங்காலம் வீக்கம் வடிந்திருந்தது.

ஆனால் எல்லா மருந்துக்கும் இதைப் போடக் கூடாது. சிவப்பு மருந்து என்போமே, டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து, அது இறங்கினால் பரப்பிவிடவே கூடாது, ஐஸ் வைத்து அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், அதற்கு மாற்று மருந்து தனி. வின்கிறிஸ்டினுக்கு இளஞ்சூட்டு ஒத்தடம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். நோயாளிகளுக்கும் ஒன்று: ட்ரிப் போகும்போது எரிந்தால், இறுகினால் உடனே கூப்பிடுங்கள். சிஸ்டர் திட்டுவார்கள் என்று பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

ஜூலை 6, இரவு

டே கேரில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் ரத்தக்குழாயில் முதல் தடவை ஏற்ற ஒன்றரை மணி நேரம். மனித ஹைலேஸ் கலந்து தொடையில் தோலுக்கடியில் போடும் வகை 5 மில்லி, இரண்டு முதல் ஐந்து நிமிடம். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கான டாராடுமுமாப் முதல் முறை கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஓடும், தோலுக்கடியில் போடுவது 15 மில்லி, ஐந்து நிமிடத்துக்குள். தோலுக்கடியில் சாதாரணமாக ஒன்றிரண்டு மில்லிக்கு மேல் ஏற்றினால் தாங்காது, அதற்கு இடம் செய்து கொடுப்பது இந்த என்சைம். விலைதான் எல்லோருக்கும் எட்டுவதில்லை. காலையில் பஸ் பிடித்து வந்து நாள் முழுக்க நாற்காலியில் கிடந்து கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஐந்து நிமிடம் இவர்களுக்கல்லவா முதலில் வர வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

ஜூலை 7

உதட்டை உப்பலாக்க ஃபில்லர் ஊசி போட்டது கட்டி கட்டியாக இருக்கிறது, இதே ஊசி கரைக்குமா என்று ஒரு தங்கை. ஃபில்லர் ஹயலுரோனிக் அமில வகையாக இருந்தால் கரைக்கும், வேறு வகைக்கு ஒன்றும் செய்யாது. போட்டவுடன் தோல் வெளுத்தாலோ, கடுமையாக வலித்தாலோ, பார்வை மங்கினாலோ ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். அது அவசரம், அங்கே மணிக்கணக்கு முக்கியம். ஹைலேஸ் கையில் வைத்திராத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஜூலை 9

தம்பி, மாமா பாக்கை விட்டுவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நீங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கேட்டதற்கு:

தேனீ, குளவி கொட்டி முன்பு எப்போதாவது உடம்பெல்லாம் தடித்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அந்த விஷத்திலும் இதே குடும்பத்து என்சைம் இருப்பதால் ஒவ்வாமை வரலாம். வாயில் சீழ் வைத்திருந்தாலும் சொல்லுங்கள், தொற்று உள்ள இடத்தில் இதைப் போட்டால் அதையும் பரப்பிவிடும். சர்க்கரை இருந்தால் ஸ்டீராய்டு அதை ஏற்றும், கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், அந்த எண்ணைப் பார்த்தால்தான் ஊசியைத் தொடர்வதா வேறு வழி பார்ப்பதா என்று தெரியும். ரத்தச்சோகைக்கும் பார்க்கச் சொல்லுங்கள், வாய் எரிகிறவர்கள் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, இதை மாமாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். வாய் நன்றாகத் திறந்த பிறகும் சோதனையை விடக் கூடாது. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் உள்ளவர்களை 17 வருடம் தொடர்ந்து பார்த்து 1985-இல் வெளியிட்ட ஆய்வில் 7.6 சதவீதம் பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்திருந்தது. ஹைலேஸ் அந்த ஆபத்தைக் குறைப்பதில்லை. இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, கழுத்தில் கட்டி, இதில் எது தெரிந்தாலும் அடுத்த ஊசித் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தனியாரில் செலவு தாங்கவில்லை என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள், சென்னையிலும் இருக்கிறது, புதுக்கோட்டையிலும் இருக்கிறது. வாய்நோய்ப் பிரிவு எது என்று ஓபி சீட்டு போடும் இடத்திலேயே கேளுங்கள். பழைய சீட்டுகளையும், எந்த ஊசி எத்தனை தடவை போட்டார்கள் என்ற விவரத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.